கோழி தின்ற எண்ணெய், நாம் தின்னும் கொழுப்பு

ஒரகடம், வல்லம், ஸ்ரீபெரும்புதூர் கேன்டீன்களிலும் தொழிலாளர் விடுதிகளிலும் கட்டுப்படியாகும் அசைவம் என்றால் பிராய்லர்தான். அதன் கொழுப்பு எத்தகையது என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது தீவனத்தில் கலக்கும் எண்ணெய். மாட்டின் இரைப்பையில் நுண்ணுயிர்கள் தீவனக் கொழுப்பை மாற்றிவிடுகின்றன. கோழிக்கு அந்த ஏற்பாடு இல்லை. பாமாயில் கொடுத்தால் நிறைவுற்ற கொழுப்பு கூடும். சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்கு ஒமேகா-6 ஏறும். ஆளிவிதை எண்ணெய்க்கு ஒமேகா-3. ஆனால் அந்த ஒமேகா-3 பெரும்பாலும் தாவர வகை. மத்தி மீனில் கிடைப்பதற்கு ஈடாகாது. அத்தகைய கறி சீக்கிரம் சிக்குவாடையும் பிடிக்கும்.

கடைக் கோழி எதைத் தின்றதென்று நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பது நியாயமே. நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. மஞ்சள் நிறம் மக்காச்சோளம் போன்ற தீவனத்தின் நிறமியால் வருவது. ஆனால் கொழுப்பு அதிகம் தங்குவது தோலிலும், அடிவயிற்றில் ஒட்டியிருக்கும் கொழுப்புக்கட்டியிலும். இரண்டையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். 100 கிராம் பச்சை நெஞ்சுக்கறியில் தோலோடு சுமார் 9 கிராம் கொழுப்பு. தோல் உரித்தால் ஏறக்குறைய 3 கிராம்தான். தோலில்தானே ருசி என்பார்கள்; குழம்பில் எலும்பும் மசாலாவும் அந்தக் குறையைத் தீர்த்துவிடும். பொரித்தாலோ வாணலி எண்ணெயும் கறியில் ஏறிவிடுகிறது. எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது உருவாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. கேன்டீன் கமிட்டியில் இருப்பவர்கள் அந்தச் சேர்மங்களின் அளவை அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.