தாமரைத் தண்டில் இறங்கிய பிரம்மா

உலகம் உண்டான வரலாற்றை ஸ்ரீமத் பாகவதத்தின் மூன்றாம் ஸ்கந்தம் விரிவாகக் கூறுகிறது. அதைக் கேட்பவர் விதுரர். அவர் எந்த நிலையில் இருந்து அதைக் கேட்டார் என்பது சிந்தனைக்கு உரியது. துரியோதனனின் கடுஞ்சொற்களால் புண்பட்டு, தமது வில்லை வாயிலில் வைத்துவிட்டு அஸ்தினாபுரத்தை நீங்கியவர் அவர். தீர்த்த யாத்திரையின்போது பிரபாஸ க்ஷேத்திரத்தில் கௌரவர்களின் அழிவைக் கேள்வியுற்றார். பின்னர் யமுனைக் கரையில் உத்தவரைச் சந்தித்தபோது, யாதவ குலம் மடிந்ததும் ஸ்ரீகிருஷ்ணர் இவ்வுலகை விட்டு மறைந்ததும் தெரிய வந்தன. வீடு, குலம், கண்கண்ட தெய்வம் ஆகிய அனைத்தையும் இழந்த நிலையில்தான் அவர் ஹரித்வாரத்தை அடைந்து மைத்ரேய முனிவரின் பாதங்களைப் பணிந்தார்.

தம் உலகம் சிதைந்து போன ஒருவருக்கு முனிவர் ‘உலகம் எவ்வாறு உண்டாயிற்று’ என்று போதித்தார். புராணங்கள் கூறும் சிருஷ்டி வரலாறு பழங்காலத்துச் செய்தி மட்டுமன்று. சிதைவின் நடுவே நிற்கும் மனிதனுக்கு உரிய உபதேசமும் ஆகும் என்பதை இந்தச் சூழலே உணர்த்துகிறது.

இருளும் நீரும்

ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 129-ஆவது சூக்தமாக அமைந்திருப்பது நாஸதீய சூக்தம். ஏழே மந்திரங்கள் கொண்ட இந்தச் சூக்தம், ‘உள்ளது’ என்றும் ‘இல்லது’ என்றும் சொல்ல முடியாத ஆதிநிலையைப் பேசுகிறது. இருள் இருளாலேயே மூடப்பட்டிருந்தது; எல்லாம் வேறுபாடு காண முடியாத வெள்ளமாக இருந்தது; அந்நிலையில் ‘அந்த ஒன்று’ தபஸின் ஆற்றலால் வெளிப்பட்டது என்று ரிஷி கூறுகிறார். மனத்தின் முதல் வித்தாகிய இச்சை அதன்பின் எழுந்தது. உள்ளதற்கும் இல்லதற்கும் இடையே உள்ள பிணைப்பை ஞானிகள் எங்கே தேடிக் கண்டார்கள்? தம் இதயத்திலே தேடிக் கண்டார்கள் என்கிறது சூக்தம்.

பாபிலோனியரின் ‘எனூமா எலிஷ்’ என்னும் காவியத்தில் மார்துக் என்னும் தேவன், ஆதிக் கடலின் வடிவான தியாமத்தைப் போரில் கொன்று, அவள் உடலைப் பிளந்து விண்ணையும் மண்ணையும் அமைக்கிறான். விருத்திரனை வதைத்து நீரை விடுவித்த இந்திரனின் போரை வேதமும் பாடுவதுண்டு. எனினும் நாஸதீய சூக்தத்தில் போர் இல்லை, பகைவனும் இல்லை. குழப்பத்திலிருந்து ஒழுங்கு பிறக்க அங்கே காரணமாக நிற்பது தபஸ் ஒன்றே.

பிரம்மாவின் தேடல்

இந்தத் தத்துவத்தையே பாகவதம் கதையாக்கித் தருகிறது. பகவானின் நாபியிலிருந்து எழுந்த தாமரையில் பிரம்மா தோன்றுகிறார். நாற்றிசையும் நோக்குகிறார், அதனால் நான்கு முகங்கள் உண்டாகின்றன. ஆனால் காண்பதற்கு எதுவும் இல்லை. பிரளயக் காற்றினால் சுழன்றடிக்கும் நீரும் அதில் தனித்து நிற்கும் தாமரையும்தான் இருக்கின்றன. ‘நான் யார்? இந்தத் தாமரை எதிலிருந்து எழுந்தது?’ என்று அவர் திகைக்கிறார். படைக்க வேண்டியவருக்கே தம்மைப் பற்றிய அறிவு இல்லை.

உடனே அவர் தாமரைத் தண்டின் துளை வழியே கீழே இறங்கி, அதன் மூலத்தைத் தேடுகிறார். நெடுங்காலம் தேடியும் அதைக் காணவில்லை. முடிவில் தேடலைக் கைவிட்டு, தம் இருக்கைக்கே திரும்பி, பிராணனை அடக்கி, சித்தத்தை ஒடுக்கித் தியானத்தில் அமர்கிறார். நூறாண்டுகளுக்குப் பின், வெளியே தேடிக் காணாத பரம்பொருள் அவருடைய இதயத்திலேயே பிரகாசிக்கிறது. வேத ரிஷி சுட்டிய இடமும் இதுவேயன்றோ!

இரண்டாம் ஸ்கந்தத்தில் இதே நிகழ்ச்சி வேறொரு விதமாக வருகிறது. திகைத்திருந்த பிரம்மாவின் செவியில் இரண்டு எழுத்துகள் விழுகின்றன. அவை ஸ்பர்ச எழுத்துகளில் பதினாறாவதும் இருபத்தொன்றாவதும் ஆகும். சேர்த்துப் படித்தால் ‘தப’, அதாவது ‘தவம் செய்’ என்பது பொருள். சொன்னவர் எவரும் கண்ணுக்குத் தெரியவில்லை. பிரம்மா அந்தச் சொல்லையே உபதேசமாக ஏற்று அமர்கிறார்.

தரிசனம் கிடைத்த பின்னரும் புயல் ஓயவில்லை. தாமரை காற்றில் ஆடிக்கொண்டே இருக்கிறது. தவத்தால் வலிமை பெற்ற பிரம்மா, அந்தக் காற்றையும் நீரையும் சேர்த்துப் பருகிவிடுகிறார். பிறகு உலகங்களைப் படைக்க வேறு பொருளை அவர் தேடவில்லை. தாம் அமர்ந்திருந்த தாமரையையே மூன்றாகப் பகுத்து மூவுலகமாக்குகிறார். எந்தத் தாமரை அவருக்குத் திகைப்பைத் தந்ததோ, அதுவே படைப்பின் மூலப்பொருளாயிற்று.

குழப்பம் தானாகப் படைப்பதில்லை

குழப்பத்திலிருந்துதான் புதுமை பிறக்கிறது என்று கூறுவோர் உண்டு. அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. பிரம்மாவின் முதற்படைப்பு அறியாமையின் வடிவங்களாகவே அமைந்தது. தமஸ், மோகம், மகாமோகம் முதலியவற்றைப் படைத்துவிட்டு, அவர் அந்தப் படைப்பில் மகிழவில்லை. பகவானைத் தியானித்து மனத்தைத் தூய்மையாக்கிய பின்னரே ஸனகர் முதலான நால்வரைத் தோற்றுவித்தார். அவர்கள் சந்ததி பெருக்க இசையாதபோது அவருக்கு எழுந்த கோபம், அடக்க முயன்றும் அடங்காமல், புருவ நடுவிலிருந்து ருத்திரனாக வெளிப்பட்டது. ருத்திரன் படைத்த கணங்கள் உலகையே விழுங்கத் தொடங்கின. அப்போது பிரம்மா அவருக்குக் கூறிய அறிவுரை என்ன? ‘இது போதும், தவம் செய்’ என்பதே. தாம் பெற்ற உபதேசத்தையே அவர் தம் புதல்வருக்கும் அளித்தார்.

கலங்கிய மனத்திலிருந்து எழுவது கலக்கமே. கோபத்திலிருந்து எழுவது அழிவே. தவத்தில் அமர்ந்த மனம் மட்டுமே கலக்கத்தைப் படைப்பாக மாற்ற வல்லது.

காவியமும் ஓவியமும்

இலக்கியத்திலும் இதே நியதியைக் காணலாம். தமஸா நதிக்கரையில் இணையை இழந்து கதறிய கிரௌஞ்சப் பறவையைக் கண்ட வால்மீகியின் சோகம், வேடன்மீது சாபமாக வெளிப்பட்டது. அது சந்தத்தோடு அமைந்திருந்ததைக் கண்டு அவரே வியந்தார். ஆசிரமத்திற்குத் திரும்பி, பிரம்மதேவரே எழுந்தருளிய போதும் அவர் மனம் அந்தத் துயரத்திலேயே இருந்தது. ஆனால் அந்த ஒரு சுலோகமே ராமாயணம் ஆகிவிடவில்லை. பிரம்மாவின் அருளாணையைப் பெற்று, தர்ப்பையின் மீது கிழக்கு நோக்கி அமர்ந்து அவர் யோகத்தில் ஆழ்ந்தார். அப்போதுதான் ராமசரிதம் முழுவதும் உள்ளங்கை நெல்லிக்கனியாக விளங்கியது. சோகம் முதற்சொல்லைத் தந்தது. காவியத்தைத் தந்தது தவம்.

இமயமலைச் சாரலில் உள்ள குலேரில் வாழ்ந்த ஓவியர் மானக்கு, ஏறத்தாழ 1740-இல் பாகவதத்தை ஓவியத் தொடராகத் தீட்டினார். அதில் ஹிரண்யகர்ப்பத்தைக் காட்டும் ஓவியம் புகழ் பெற்றது. தேவர்களோ மனிதர்களோ அதில் இல்லை. சுழல் சுழலாய் விரியும் நீர்ப்பரப்பின் நடுவே ஒரு பொன்முட்டை, அவ்வளவுதான். சுற்றிலும் நீர் சுழல்கிறது. முட்டையோ அசைவற்று நிற்கிறது. படைப்பைச் சித்திரிக்க முனைந்த கலைஞர், சுழலையும் அதன் நடுவே நிற்கும் அமைதியையும் மட்டுமே வரைந்தார்.

சாதகனுக்கு உரியது

உறவு முறியும்போதும், தொழில் நசியும்போதும், அன்புக்குரியவர் மறையும்போதும் மனிதன் முதலில் செய்வது தாமரைத் தண்டில் இறங்குவதே. ‘யாரால் வந்தது? ஏன் வந்தது?’ என்று காரணங்களைத் துருவித் துருவிக் கீழே செல்கிறான். அந்தத் தேடல் குற்றமன்று, பிரம்மாவும் தேடினார். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு என்று அறிந்து, தன் இருக்கைக்குத் திரும்பி அமர்வதே விவேகம்.

அந்தத் தவம் உடலை வருத்துவது அன்று. பரம்பொருளின் தபஸ் ஞானமயமானது என்று முண்டக உபநிஷதம் கூறுகிறது. மனத்தெளிவு, மென்மை, மௌனம், தன்னடக்கம், உள்ளத் தூய்மை ஆகிய ஐந்தையும் மானஸ தபஸ் என்று பகவத் கீதையின் பதினேழாம் அத்தியாயம் வகுக்கிறது. துயருற்ற நாளில் கடுஞ்சொல் ஒன்றை அடக்குவதும், விடியலில் சிறிது நேரம் அசையாமல் அமர்ந்து இறைநாமத்தை நினைப்பதும் இந்தத் தவத்தின் தொடக்கமே. புயல் உடனே நிற்காமல் போகலாம். ஆனால் அதைப் பருகும் வலிமை மெல்ல உண்டாகும். புதிய வாழ்வை அமைக்க வேண்டிய பொருள் தன் காலடியிலேயே இருப்பது அப்போது புலப்படும்.

விதுரர் மைத்ரேயரிடம் கேட்டறிந்த பின் தம் துயரத்திலேயே தங்கிவிடவில்லை. அவர் அஸ்தினாபுரத்திற்குத் திரும்பினார். மக்களை இழந்து ஒடுங்கிக் கிடந்த திருதராஷ்டிரனைத் தட்டியெழுப்பி, தவத்தின் வழியில் அழைத்துச் சென்றார். ‘தப’ என்னும் அந்த இரண்டெழுத்து இவ்வாறே ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சென்றுகொண்டிருக்கிறது.