புதிதாகப் போட்ட விண்டோஸ் அப்டேட் ஆகவில்லையா? எந்த வழியை எப்போது எடுப்பது

கணினியை பார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டதும் அப்டேட் மக்கர் செய்தால், கைவசம் நான்கு வழிகள் இருக்கின்றன. பொறுமையாகக் காத்திருக்கலாம். அப்டேட்டின் தற்காலிகக் கோப்புகளைத் துடைத்துவிட்டு மறுபடி முயலலாம். தேவையான அப்டேட்டை மட்டும் மைக்ரோசாஃப்ட்டின் கேட்டலாக் தளத்திலிருந்து இறக்கி நாமே போடலாம். புது ஐஎஸ்ஓ எடுத்து முதலிலிருந்து விண்டோஸைப் போடலாம். பெரும்பாலோர் இதே வரிசையில் போகிறார்கள். நான்காவதைத் தோல்வியாக எண்ணி, ஒரு நாள் முழுக்க மற்ற மூன்றோடு மல்லுக்கட்டுகிறார்கள். பல மாதம் ஓடிய கணினிக்கு இந்த வரிசை சரிதான். அதில் நம் கோப்புகளும் மென்பொருள்களும் இருக்கின்றன, இழப்பு பெரிது. காலையில் போட்ட விண்டோஸில் இழக்க எதுவுமே இல்லை. அங்கே நான்காவது வழியை முன்னால் கொண்டுவர வேண்டும்.

அதற்குமுன் இரண்டு சோதனைகள், ஐந்து நிமிட வேலை. மதர்போர்டு பேட்டரி தீர்ந்து கணினியின் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால், பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகி அப்டேட் சர்வரோடு இணைப்பே கிடைக்காது. போன் ஹாட்ஸ்பாட்டை மீட்டர் இணைப்பு என்று குறித்து வைத்திருந்தால், விண்டோஸ் பெரும்பாலான அப்டேட்களைத் தானாக இறக்காது. இரண்டும் சரியாக இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது பென்டிரைவில் இருக்கும் ஐஎஸ்ஓவின் வயது.

பழைய ஐஎஸ்ஓவே அப்டேட்டைத் தடுக்கலாம் என்பதற்கு விண்டோஸ் 7 நல்ல சான்று. 2011இல் வந்த சர்வீஸ் பேக் 1 வட்டிலிருந்து அதைப் போட்டவர்களுக்கு, பிற்காலத்தில், அப்டேட் தேடும் திரை மணிக்கணக்கில் நகராது. பின்னணியில் ஒரு சேவை பிராசசரை முழுக்க விழுங்கிக்கொண்டிருக்கும். வட்டில் இருந்த பழைய அப்டேட் நிரலால், சேர்ந்துவிட்ட அப்டேட்களின் பெரும் பட்டியலை அலசி முடிக்க முடியவில்லை. காத்திருந்தவர்களுக்கும் தற்காலிகக் கோப்புகளைத் துடைத்தவர்களுக்கும் ஒரே கதிதான். கேபி 3020369 என்ற அப்டேட்டை முதலில் போட்டு, பிறகு ஜூலை 2016இல் வந்த கேபி 3172605ஐப் போட்டதும் அதே தேடல் வேகமாக முடிந்தது. கோளாறு வட்டோடு வந்தது, நிறுவிய பிறகு எதுவும் கெடவில்லை.

இப்போதைய விண்டோஸிலும் இது நடந்திருக்கிறது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பை, 2024 அக்டோபர் அல்லது நவம்பர் பாதுகாப்பு அப்டேட் சேர்த்துத் தயாரித்த பென்டிரைவிலிருந்து நிறுவினால், அதன்பின் எந்தப் பாதுகாப்பு அப்டேட்டையும் ஏற்காத நிலையில் அது நின்றுவிடலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே அறிவித்தது. அந்நிறுவனம் சொன்ன தீர்வு, டிசம்பர் 10, 2024 அல்லது அதற்குப் பிந்தைய அப்டேட் சேர்ந்த ஊடகத்தால் மறுபடி நிறுவுவது. நம் கணினி இந்த வகையா என்று கண்டுபிடிப்பது எளிது. விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்தி, வின்வர் என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் 26100 என்ற எண்ணுக்குப் பின் 2033 அல்லது 2314 இருந்து, அப்டேட் ஏறாமல் நின்றால், பென்டிரைவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தற்காலிகக் கோப்புகளைத் துடைப்பது ஆபத்தில்லாத வேலை, முதலில் அதைச் செய்தால் என்ன என்று கேட்கலாம். பதிவிறக்கத்தின் நடுவே கரண்ட் போயிருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். மற்றபடி, சில மணி நேரமே ஆன அந்தக் கோப்புறையில் கெட்டுப்போக அதிகம் இருக்காது. பலரும் சிபாரிசு செய்யும் டிஸ்ம் பழுதுநீக்கக் கட்டளையும், வேறு மூலம் காட்டாவிட்டால், விண்டோஸ் அப்டேட்டிலிருந்துதான் நல்ல கோப்புகளைக் கொண்டுவரப் பார்க்கும். ஓடாத ஒன்றை நம்பி நிற்கும் பழுதுநீக்கம் அது. கேட்டலாக் வழி, எந்த அப்டேட் குறைகிறது என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு அருமையான வழி. ஆனால் 24எச்2இல் செப்டம்பர் 2024இன் கேபி 5043080 போன்ற இடைநிலை அப்டேட்கள் வந்தபின், கையால் போடுகிறவர் புதிய கோப்போடு அவற்றையும் ஒரே கோப்புறையில் வைத்துத் தர வேண்டியிருக்கிறது. முதல்முறை செய்பவர் தடுமாறுகிற இடம் இது.

டேட்டா செலவு பற்றிய கேள்வி நியாயமானது. ஐஎஸ்ஓ ஐந்து ஜிபிக்கு மேல் வரும். தினம் ஒன்றரை ஜிபி பேக்கில் இருப்பவருக்கு அது சுமை. ஆனாலும் பாதியில் தோற்று மறுபடி மறுபடி இறங்கும் அப்டேட்டும் அதே பேக்கைத்தான் தின்கிறது. ஐஎஸ்ஓவை வைஃபை உள்ள நண்பர் வீட்டில் ஒருமுறை இறக்கினால் போதும்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: கோளாறு டிஸ்க்கிலோ ராமிலோ இருந்தால், மறுபடி போட்டும் அதேதானே வரும்? வரும். அதனாலேயே அந்த வேலை வீண் இல்லை. வெவ்வேறு மாதத்து இரண்டு ஐஎஸ்ஓக்களிலும் ஒரே பிழை வந்தால் ஊடகத்தின் மீதான சந்தேகம் பெருமளவு நீங்கிவிடும்; அடுத்து டிஸ்க்கையும் ராமையும் சோதிக்கலாம். கூடவே பார்ட்டிஷன்களையும் கவனியுங்கள். ஜனவரி 2024இல் விண்டோஸ் 10க்கு வந்த கேபி 5034441, 80070643 என்று முடியும் பிழையோடு பலருக்குத் தோற்றது. காரணம், ரெக்கவரி பார்ட்டிஷனில் இடம் போதவில்லை. அதை 250 எம்பி பெரிதாக்கச் சொன்னது மைக்ரோசாஃப்ட். சி டிரைவை மட்டும் பார்மட் செய்தால் அந்தப் பழைய பார்ட்டிஷன் அப்படியே தங்கிவிடும். வேறு டிரைவில் கோப்புகள் எதுவும் இல்லாவிட்டால், அந்த டிஸ்க்கில் உள்ள எல்லாப் பார்ட்டிஷன்களையும் அழித்துவிட்டு, பிரிக்கும் வேலையை விண்டோஸிடமே விடுங்கள்.

டிரைவர்களையும் மென்பொருள்களையும் போட்டு முடித்தபின்தான் கோளாறு தெரிந்தது என்றால், பார்மட் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளேயே புது ஐஎஸ்ஓவைத் திறந்து செட்டப்பை ஓட்டி, கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொள்ளும் தேர்வைக் கொடுங்கள். அதன்பிறகு அப்டேட் ஏறினால் வின்வர் பெட்டியின் கடைசி எண் மாறியிருக்கும்.