ஒரு எழுத்துப்பிழை காப்பாத்தின 2 கோடி டாலர்: இலங்கை வங்கி நமக்குச் சொல்லும் பாடம்



நம்ம மணப்பாறை மாட்டுச் சந்தையில மாடு வாங்க வர்றவரைக் கவனிச்சிருக்கீங்களா? எடுத்த உடனே விலை பேச மாட்டார். பல்லைப் பிடிச்சுப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலு அடி நடக்கவிட்டுப் பார்ப்பார். அதுக்கப்புறம்தான் பேரமே. வங்கியில நம்மகிட்ட கேக்குற கேஒய்சியும் இதே மாதிரி பல் பிடிச்சுப் பார்க்கிற வேலைதான். "எத்தனை தடவைப்பா ஆதாரும் பான் கார்டும் குடுக்கிறது?"னு சலிச்சுக்கிறவங்க இந்தக் கதையைப் படிங்க.

என்ன நடந்தது?

2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை. பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் திருடர்கள் ஏற்கெனவே புகுந்திருந்தார்கள். நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் அந்த நாட்டுக்கு இருந்த கணக்கிலிருந்து பணம் அனுப்பச் சொல்லி, ஸ்விஃப்ட் வழியாக 35 உத்தரவுகள் போயின. மொத்தம் சுமார் 95 கோடி டாலர்! வெள்ளிக்கிழமை பங்களாதேஷில் விடுமுறை. சனி, ஞாயிறு அமெரிக்காவில் விடுமுறை. திங்கள்கிழமை சீனப் புத்தாண்டு, பிலிப்பைன்ஸில் விடுமுறை. நாள் பார்த்துத்தான் கை வச்சிருக்காங்க.

பெரும்பாலான உத்தரவுகள் நியூயார்க்கிலேயே நின்றுவிட்டன. ஐந்து மட்டும் தாண்டிப் போயின. நான்கு பிலிப்பைன்ஸுக்கு, ஒன்று இலங்கைக்கு.

இலங்கையில் எப்படி நின்றது?

கொழும்பில் பான் ஏசியா வங்கியில் இருந்த ஒரு அறக்கட்டளைக் கணக்குக்கு 2 கோடி டாலர் வந்தது. அன்றைய மதிப்பில் நம்ம பணத்துக்குச் சுமார் 135 கோடி ரூபாய். "இவ்வளவு பெரிய தொகை இந்தக் கணக்குக்கு ஏன்?" என்று வங்கியில் இருந்தவர்களுக்குச் சந்தேகம். விளக்கம் கேட்டார்கள். இடையில் நின்று பணத்தை அனுப்பிய டாய்ச் வங்கியும், பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்பதற்குப் பதில் 'ஃபண்டேஷன்' என்று இருந்ததைக் கண்டுபிடித்துக் கேள்வி எழுப்பியது. பணம் நின்றது, திரும்பிப் போனது.

எழுத்துப்பிழைன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா பிழை தானா எதையும் தடுக்காது. அதைப் பார்த்து நிறுத்தி, கேள்வி கேட்ட ஆள் இருந்ததுதான் விஷயம்.

மணிலாவில் ஏன் தப்பியது?

பிலிப்பைன்ஸில் ஆர்சிபிசி வங்கியின் ஒரு கிளைக்கு 8 கோடியே 10 லட்சம் டாலர் போனது. அங்கே 2015 மே மாதமே தலா 500 டாலர் போட்டு, போலி ஓட்டுநர் உரிமங்களைக் காட்டி நான்கு கணக்குகள் திறந்து வைத்திருந்தார்கள். ஒன்பது மாசம் அசையாம கிடந்த கணக்குல திடீர்னு கோடிகள்! நிறுத்தச் சொல்லி செய்தி வந்திருந்தும், பிப்ரவரி 9 அன்று பணம் வெளியே போனது. அங்கிருந்து சூதாட்ட விடுதிகளுக்கு. அப்போது அந்த விடுதிகள் அந்நாட்டின் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வரவில்லை, 2017-ல்தான் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் திரும்பக் கிடைத்தது ஒன்றரை கோடி டாலர் அளவுக்குத்தான்.

பல்லைப் பிடிச்சுப் பார்க்காம மாட்டை ஓட்டிக்கிட்டு வந்த கதைதான் இது.

சட்டம் என்ன சொல்லுது?

இலங்கையில் 2006-லேயே நிதிப் பரிவர்த்தனை அறிக்கைச் சட்டம் வந்தது. 10 லட்சம் இலங்கை ரூபாய்க்கு மேல் ரொக்கம் புழங்கினால், மத்திய வங்கியில் இருக்கும் நிதி நுண்ணறிவுப் பிரிவுக்கு வங்கிகள் தெரிவிக்க வேண்டும். அப்படி இருந்தும், நடைமுறையில் குறை இருந்ததால் 2017-ல் எஃப்ஏடிஎஃப் அமைப்பின் சாம்பல் பட்டியலில் இலங்கை சேர்ந்தது. குறைகளைச் சரிசெய்து 2019-ல் வெளியே வந்தது. ஆக, சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது.

நம்ம நாட்டிலும் இதே கதைதான். ஒரு மாதத்தில் 10 லட்ச ரூபாய்க்கு மேல் ரொக்கம் புழங்கினால் வங்கி அறிக்கை அனுப்பும். சந்தேகம் வந்துட்டா, தொகை எவ்வளவு சின்னதா இருந்தாலும் அறிக்கை உண்டு.

நமக்கு என்ன பாடம்?

அந்த நான்கு கணக்குகள் இல்லாமல் இவ்வளவு பெரிய திருட்டு நடந்திருக்காது. திருடனுக்குப் பணத்தை இறக்கி வைக்க ஒரு கணக்கு வேணும். இன்னைக்கு அது நம்ம ஊர்ப் பையன் கணக்காக்கூட இருக்கலாம். "உன் அக்கவுன்ட்டை ஒரு மாசம் குடு தம்பி, 5,000 ரூபாய் தர்றேன்"னு யாராவது கேட்டா:

1. பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் கார்டு எதையும் குடுக்காதீங்க. சொந்தக்காரங்களா இருந்தாலும்.
2. தெரியாத பணம் வந்தா செலவு பண்ணாதீங்க. "தவறி அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்க"ன்னு போன் வந்தாலும் நீங்களா அனுப்பாதீங்க. கிளைக்குப் போய் எழுதிக் குடுங்க.
3. ரொம்ப நாளா பயன்படுத்தாத கணக்கு இருந்தா மூடிடுங்க.
4. ஏமாந்துட்டீங்கன்னு தெரிஞ்சா உடனே 1930-க்குக் கூப்பிடுங்க. பணம் கை மாறுறதுக்குள்ள நிறுத்தணும். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

தெரிஞ்சே கணக்கைக் குடுத்தா பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் 3 முதல் 7 ஆண்டு வரை கடுங்காவல் சிறை. 5,000 ரூபாய்க்கு இது தேவையா?

அடுத்த முறை வங்கியில கேஒய்சி கேட்டா முகம் சுளிக்காம குடுங்க. அவங்க பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறது உங்க பணத்தைக் காப்பாத்தத்தான். வீட்டுல காலேஜ் படிக்கிற பிள்ளைங்க இருந்தா இதை அவசியம் படிச்சுக் காட்டுங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்.