தொலைவும் துல்லியமும்

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் இந்தியாவுக்காகப் பங்கேற்றவர். அவ்விலக்கின் நடுப்புள்ளி 0.5 மில்லிமீட்டர் அகலமே உடையது. இத்தகைய காற்றுத் துப்பாக்கி 20, 30 மீட்டர் தொலைவிலும் துல்லியமாகச் சுடுமா?

பயிற்சிக் களத்தில் பயிற்றுநர் இதனைச் சோதிப்பார். காற்று வீசாத வேளையில், துப்பாக்கியை மணல் மூட்டையின்மீது அசையாது வைத்து, ஒரே வகை ஈயக் குண்டுகள் ஐந்தினை 10 மீட்டர் தொலைவிலுள்ள ஒரே புள்ளியை நோக்கிச் சுடுவார். பின்னர் இலக்கை 20, 30 மீட்டருக்கு நகர்த்தி அவ்வாறே செய்வார்.

கிடைமட்டமாக நொடிக்கு 170 மீட்டர் விரைவில் புறப்படும் குண்டு, காற்றுத்தடையைக் கணக்கில் கொள்ளாவிடில், புவியீர்ப்பால் 10 மீட்டரில் ஏறத்தாழ 1.7 செ.மீ. தாழும், 20 மீட்டரில் ஏறத்தாழ 7 செ.மீ. தாழும். தொலைவு இருமடங்கானால் தாழ்வு நான்கு மடங்காகும்.

ஆகவே, ஐந்து துளைகளும் குறிக்குக் கீழே நெருங்கி அமைந்தால் துப்பாக்கியைப் பழித்தல் கூடாது; குறிநோக்கியைத் திருத்தினால் போதும். துளைகள் சிதறியிருந்தால் குண்டையும் குழலையும் ஆராய்தல் வேண்டும். ஒரே ஒரு துளையைக் கண்டு தீர்ப்புக் கூறுதல் முறையன்று.

சொற்பொருள்
துல்லியம் – மிகச் சரியாக அமைதல்
குறிநோக்கி – குறிபார்க்க உதவும் உறுப்பு
பழித்தல் – குறை கூறுதல்

பயிற்சி
1. பிரித்து எழுதுக: புவியீர்ப்பு, அவ்விலக்கு.
2. ஒரு குண்டினை மட்டும் சுட்டுச் சோதிப்பது ஏன் போதாது?
3. 30 மீட்டரில் தாழ்வு எத்தனை மடங்காகும்? கணக்கிட்டு எழுதுக.