பாக்கெட்ல அஞ்சு சென்டிமீட்டர், பில்லுல ஒரு டன்: பெரிய கெளுத்திக்கு எவ்வளவு பெரிய தொட்டி?

மீன் கடையில முக்காவாசிப் பேர் கேக்குற கேள்வி இதுதான்: "அண்ணே, ரெண்டடி தொட்டி இருக்கு, என்ன மீன் விடலாம்?" கடைக்காரர் நாலு கலர் மீனோட, "கண்ணாடிய சுத்தம் பண்ணிக்கும்"னு சொல்லி ஒரு சக்கர் மீனையும் பாக்கெட்ல போட்டுக் குடுப்பாரு. கெளுத்தி இனத்தைப் பொறுத்தவரைக்கும் இந்தக் கேள்விய திருப்பிப் போட்டுத்தான் கேக்கணும்: இந்த மீன் முழுசா வளர்ந்தா எவ்வளவு இருக்கும், அதுக்கு எவ்வளவு தொட்டி வேணும், அந்தத் தொட்டி என் வீட்ல நிக்குமா? மூணுக்கும் விடை நம்ம முதல் வருஷப் பாடத்துலேயே இருக்கு. வாங்க, கணக்கு போட்டுப் பார்ப்போம்.

யார் யார் வளருவாங்க?

நம்ம பக்கத்துக் கடைகள்ல அடிக்கடி கண்ணுல படுற மூணு பேரை எடுத்துக்குவோம்.

முதல் ஆள் சக்கர் மீன், அதாவது 'டேங்க் க்ளீனர்'. சொந்த ஊர் தென் அமெரிக்கா. உடம்பு முழுக்கக் கவசம் மாதிரி எலும்புத் தகடு. முழு வளர்ச்சி 40 முதல் 50 செ.மீ.

ரெண்டாவது 'ஷார்க்'னு விக்கிற பங்காசியஸ். சுறாவுக்கும் இதுக்கும் எந்த உறவும் கிடையாது; தென்கிழக்கு ஆசியாவோட மேகாங் ஆத்துக் கெளுத்தி. ஒரு மீட்டரைத் தாண்டும், 40 கிலோ வரைக்கும் போகும். ஹோட்டல் மெனுல 'பாசா'ன்னு வர்றது பெரும்பாலும் இதே மீன்தான்.

மூணாவது ரெட் டெயில் கேட்ஃபிஷ். அமேசான்காரர். சிவப்பு வாலும் நீள மீசையுமா குட்டியில அவ்வளவு அழகு. இதுவும் ஒரு மீட்டரைத் தாண்டும், வாய்க்குள்ள அடங்குற எந்த மீனையும் முழுங்கிடும்.

"தொட்டிக்குத் தக்கபடிதான் மீன் வளரும்"னு ஒரு பேச்சு உண்டு. நம்பாதீங்க. சின்னத் தொட்டியில வளர்ச்சி குறையுறது உண்மைதான். அதுக்குக் காரணம் கழிவு சேர்ந்த தண்ணியும் நீந்த இடமில்லாததும். சின்னத் தொட்டில மீன் சின்னதா இருந்தா, அது பொருந்திப் போச்சுன்னு அர்த்தம் இல்ல, நலிஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

நீளம் ஏறும்போது எடை எப்படி ஏறும்?

6 செ.மீ. சக்கர் 45 செ.மீ. ஆகுதுன்னா நீளம் ஏழரை மடங்கு. எடை? உருவம் ஏறக்குறைய அதேதான்னு வச்சுக்கிட்டா, எடை நீளத்தோட மும்மடியில ஏறும். ஏழரையை மூணு தடவை பெருக்குங்க: சுமார் 420 மடங்கு. கழிவு அதே வேகத்துல ஏறாது, ஏன்னா பெரிய உடம்பு கிலோவுக்குக் குறைவாத்தான் எரிக்கும். அப்படிப் பார்த்தாலும் நூறு மடங்கை ஒட்டி வந்துடும்.

"ஒரு அங்குல மீனுக்கு இத்தனை லிட்டர்"ங்கிற பழைய விதி பெரிய கெளுத்திகிட்ட தோத்துப் போறது இதனாலதான். அந்த விதி நேர்கோட்டுல போகுது, மீன் மும்மடியில வளருது.

தொட்டியோட நீளமும் அகலமும்

மீன் திரும்பணும். அதுதான் முதல் நிபந்தனை. தொட்டியோட அகலம் மீனோட முழு வளர்ச்சி நீளத்துக்குக் குறையவே கூடாது, ஒன்றரை மடங்கு இருந்தா நிம்மதி. நீளம் குறைஞ்சது மூணு மடங்கு, நாலு மடங்கு இருந்தா நல்லது.

45 செ.மீ. சக்கருக்கு இதைப் போட்டா 6 அடி நீளம், 2 அடி அகலம் வரும். ஆமா, ரெண்டடி தொட்டியில 'இலவச இணைப்பு' மாதிரி விடுற அதே மீனுக்குத்தான்! ஒரு மீட்டர் பங்காசியஸுக்கு 4 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். தண்ணி ஒரு மீட்டர் உயரம் வச்சா 6,000 லிட்டர். மொட்டை மாடியில இருக்கிற 1,000 லிட்டர் டேங்க் ஆறு, ஒரே மீனுக்கு. அதுவும் பங்காசியஸ் கூட்டமா வாழுற மீன், ஒத்தையா விட்டா மிரண்டு போய் கண்ணாடியில முட்டும்.

உயரத்துல காசைக் கொட்டாதீங்க

இப்ப ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டியில சுமார் 680 லிட்டர் பிடிக்கும். "இன்னும் கொஞ்சம் பெருசாக்கலாம்"னு தோணுது. ரெண்டு வழி இருக்கு: உயரத்தை 3 அடி ஆக்கலாம், இல்ல அகலத்தை 3 அடி ஆக்கலாம். ரெண்டுலயும் கொள்ளளவு ஒண்ணுதான், சுமார் 1,020 லிட்டர்.

ஆனா கண்ணாடிக்கு ரெண்டும் ஒண்ணு கிடையாது. தண்ணியோட அழுத்தம் ஆழத்தை மட்டும்தான் பார்க்கும், பின்னாடி எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு பார்க்காது. முன் கண்ணாடி மேல விழுற மொத்த விசை ஆழத்தோட வர்க்கத்துல ஏறும். 2 அடி ஆழத்துல அந்த விசை சுமார் 340 கிலோ எடைக்குச் சமம். 3 அடி ஆக்கினா 765 கிலோ. அகலத்தை 3 அடி ஆக்கினா? அதே 340 கிலோதான்.

அகலமான தொட்டியில இன்னும் ரெண்டு லாபம். மேல் பரப்பு 12 சதுர அடியில இருந்து 18 ஆகுது, ஆக்ஸிஜன் அந்த வழியாத்தான் உள்ள போகுது. சக்கரும் ரெட் டெயிலும் பெரும்பாலும் அடியிலேயே கிடக்குற மீன்கள், அதுங்களுக்குத் தரைதான் வீடு, உயரம் வீண். அதனால தொட்டி செய்யக் குடுக்கும்போது அகலம் கேளுங்க. கண்ணாடி கனத்தை, ஆழத்தைச் சொல்லி, தொட்டி கட்டி அனுபவம் உள்ளவங்ககிட்ட முடிவு பண்ணுங்க.

தரை தாங்குமா?

680 லிட்டர் தண்ணி 680 கிலோ. கண்ணாடி, ஸ்டாண்ட், கல் எல்லாம் சேர்த்தா 900 கிலோவை நெருங்கும். அது நிக்கிற இடம் 12 சதுர அடி, அதாவது சுமார் 1.1 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 800 கிலோ. ஐ.எஸ். 875 ரெண்டாம் பகுதி வீட்டு அறைகளுக்குச் சொல்ற லைவ் லோடு, சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், சுமார் 200 கிலோ. நம்ம தொட்டி அதைவிட நாலு மடங்கு.

வச்ச உடனே ஸ்லாப் விழுந்துடும்னு இதுக்கு அர்த்தம் இல்ல. அந்த 200 கிலோ தரை முழுக்கப் பரவலா வர்ற சுமைக்கானது. பீம் மேலயோ சுவரை ஒட்டியோ வச்சா வளைவு குறையும். ஆனா விருந்தாளிங்க வந்துட்டுப் போயிடுவாங்க, தொட்டி போகாது. வருஷக்கணக்கா நிக்கிற சுமையில கான்கிரீட் மெல்ல மெல்லத் தொய்யும். மாடி வீடா இருந்தா ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கேக்காம 6 அடி தொட்டி வேண்டாம். தரைத்தளத்துல கெட்டியான தளமா இருந்தா கவலை குறைவு.

தண்ணியும் ஒரு கணக்குதான்

மீன் விடுற கழிவு அம்மோனியா. ஃபில்டர்ல குடியிருக்கிற பாக்டீரியா அதை நைட்ரைட்டாவும், அப்புறம் நைட்ரேட்டாவும் மாத்தும். அந்தக் கூட்டம் உருவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதனால தொட்டி வாங்குன அன்னிக்கே மீன் வாங்காதீங்க.

அம்மோனியாவுல ஒரு பகுதிதான் கொடிய விஷ வடிவத்துல இருக்கும். அது எவ்வளவுங்கிறதை பி.எச். அளவும் வெப்பமும் தீர்மானிக்கும். 30 டிகிரியில பி.எச். 7-ன்னா மொத்தத்துல சுமார் 0.8 சதவீதம். பி.எச். 8-ன்னா சுமார் 7.5 சதவீதம், ஒன்பது மடங்குக்கு மேல. உங்க வீட்டு போர் தண்ணி உப்புப் படியிற கடினத் தண்ணியா இருந்தா முதல்ல பி.எச். பாருங்க. சித்திரை வெயில்ல தண்ணி சூடாக ஆக ஆக்ஸிஜனும் குறையும். கரையக்கூடிய அதிகபட்சம் 20 டிகிரியில லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம், 30 டிகிரியில ஏழரைதான்.

680 லிட்டர்ல வாரம் 30 சதவீதம் தண்ணி மாத்தணும்னா 200 லிட்டர், பத்து பெரிய பக்கெட். இதை ஒவ்வொரு வாரமும், செமஸ்டர் வாரத்துலயும் செய்ய முடியுமான்னு இப்பவே யோசிங்க.

இன்னொண்ணு. சக்கரும் பங்காசியஸும் தண்ணிக்கு மேல வந்து நேரா காத்தையே சுவாசிக்கும். மத்த மீன் செத்துப்போற தண்ணியிலும் இதுங்க தாக்குப் பிடிக்கும். அதைப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு"ன்னு ஏமாந்துடாதீங்க.

தொட்டி பத்தலைன்னா என்ன நடக்குது?

இந்தக் கட்டுரை எழுதினதே இந்தப் பத்திக்காகத்தான். மீன் ஒரு முழம் ஆயிடும், தொட்டி பத்தாது, கடையில திருப்பி வாங்க மாட்டாங்க, கொல்ல மனசு வராது. அப்ப ஒரு சாயங்காலம் பக்கெட்டோட வாய்க்காலுக்குப் போறாங்க. "பாவம், பொழைச்சுப் போகட்டும்."

பொழைச்சுக்கும், அதுதான் பிரச்சனை. தென் அமெரிக்க சக்கர் மீன் 2020-ல வாரணாசியில கங்கையில சிக்குச்சு. கேரளத்துலயும் கொல்கத்தா ஈர நிலங்கள்லயும் அது இருக்கு. அமேசான்ல இருந்து நீந்தி வந்திருக்க வழியே இல்ல; தொட்டி வழியா வந்தது. மெக்சிகோவோட இன்ஃபியெர்னில்யோ அணையில இது பெருகினப்ப திலேப்பியாவை நம்பியிருந்த மீனவர்கள் வலையில மீனுக்குப் பதிலா இதுதான் வந்துச்சு. முள்ளும் தகடும் வலையையும் கிழிச்சுது.

இதை நம்ம ஊருக்குப் பொருத்திப் பாருங்க. சக்கர் ஆண் மீன் முட்டையிட கரையில வளை தோண்டும், ஒரு மீட்டர் ஆழம் வரைக்கும் போகும். மண் கரையையே நம்பி இருக்கிற டெல்டாவுல, அரிச்ச கரை யார் வயலுக்குக் கேடுன்னு சொல்லத் தேவையில்ல. கல்லணையில காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு பிரியுற தண்ணி கடைமடை வரைக்கும் கிளை கிளையாப் போகுது. ஒரு வாய்க்கால்ல விட்ட மீன் அங்கேயே நிக்கணும்னு விதி கிடையாது. மேட்டூர் மூடி வாய்க்கால் காஞ்சாலும் மடுவும் குளமும் இருக்கு. சக்கர் ஈர வளைக்குள்ள தண்ணி இல்லாமலே மணிக்கணக்கா கிடக்கும். குளிர்ல சாகும்னு நினைக்கவும் வழியில்ல, தஞ்சாவூர்ல ஏது குளிர்? மோசமான தொட்டியில அதை உயிரோட வச்ச அதே கெட்டித்தனம்தான் வாய்க்கால்ல நம்ம கெளுத்தியையும் கெண்டையையும் தோக்கடிக்கும்.

தொட்டி அளவு உங்க ஹாலோட முடியுற விஷயம் இல்லங்கிறது இதனாலதான்.

அப்ப கெளுத்தியே வளர்க்கக் கூடாதா?

தாராளமா வளர்க்கலாம், அளவா. நம்ம வயல் வாய்க்கால்ல கிடைக்கிற கோடு போட்ட சின்னக் கெளுத்தி 15 முதல் 20 செ.மீ. வரைக்கும்தான் வளரும். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி, சுமார் 255 லிட்டர், அதுல நாலஞ்சு விடலாம். மறைஞ்சுக்க மண்சட்டி, குழாய்த் துண்டு போட்டா ராத்திரி விளக்கணைச்சதும் ஆட்டத்தைப் பார்க்கலாம். ரெண்டு எச்சரிக்கை: வாய்க்கு அடங்குற குட்டி மீனைச் சாப்பிட்டுடும், கையில பிடிச்சா முள் குத்தும், கடுகடுன்னு வலிக்கும்.

பெரிய மீன்தான் வேணும்னா கண்ணாடிய மறந்துட்டுக் கொல்லையில சிமெண்ட் தொட்டி கட்டுங்க. 12 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழம்னா சுமார் 6,100 லிட்டர். சுமையை மண் தாங்கிக்கும். ஆனா ஐப்பசி, கார்த்திகை மழையில தொட்டி நிரம்பி வழிஞ்சா மீன் நேரா வாய்க்காலுக்குத்தான் போகும். சுவரை வெள்ள மட்டத்துக்கு மேல எழுப்பி, மேல வலை போட்டுக் கட்டணும். 'சீக்கிரம் வளரும்'னு யாராவது ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு குடுத்தா வாங்காதீங்க, அதை வளர்க்க நம்ம நாட்டுல தடை இருக்கு.

ஏற்கெனவே வீட்ல பெரிய மீன் இருக்கா? பெரிய தொட்டி வச்சிருக்கிற வளர்ப்பாளர்கிட்டயோ கடையிலயோ கேளுங்க. நாகப்பட்டினத்துல மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கு, அங்க வழி கேக்கலாம். எதுவுமே நடக்கலைன்னா ஒரு கால்நடை மருத்துவர் உதவியோட வலியில்லாம முடிச்சு வைக்கிறதுகூட ஆத்துல விடுறதைவிட மேல். கேக்கக் கஷ்டமா இருக்கும், ஆனா உண்மை.

அடுத்த தடவை கடைக்குப் போறப்ப கையில ஒரு டேப் எடுத்துட்டுப் போங்க. கடைக்காரர் மீன் பேர் சொன்னதும் ஃபோன்ல அதோட முழு வளர்ச்சி நீளத்தைப் பாருங்க. அதை நாலால பெருக்கி உங்க ஹால் சுவர்ல அளந்து பாருங்க. சுவர் பத்தலைன்னா பாக்கெட்டைத் திருப்பிக் குடுத்துடுங்க. சக்கர் பார்க்கிற கண்ணாடி வேலைக்கு ஒரு ஸ்பாஞ்ச் போதும்.