சுவரில் ஓதம்

கேரளத்தில் ஜூன் மாதம் பருவமழை தொடங்கும். சாரல் சுவரில் அடிக்கும். சிமெண்டுக் கல்லில் நுண்ணிய துளைகள் உண்டு. வெடிப்பு இருந்தால் கேட்கவே வேண்டாம். நீர் உள்ளே இறங்கும். சுவரில் ஓதம் ஏறும். பூஞ்சணம் படரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறல் கூடும்.

பெயிண்ட் மட்டும் அடித்தால் போதுமா? போதாது. முதலில் நீர் வரும் வழியை அடைக்க வேண்டும். கோடையிலேயே வேலையை முடிக்க வேண்டும்.

1. கூரை ஒழுகலைச் சரிசெய்யுங்கள். சுவரோரம் நீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டுங்கள்.

2. பாசி, பூத்த உப்பு, பழைய சுண்ணாம்பு ஆகியவற்றைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுங்கள்.

3. வெடிப்பைக் கொத்தி அகலமாக்கி நனையுங்கள். சிமெண்டு 1 பங்கு, மணல் 3 பங்கு கலந்து அடையுங்கள். 7 நாள் நீர் தெளியுங்கள்.

4. வெயில் படாத நேரத்தில் சுவரை நனைத்துச் சிமெண்டு பெயிண்ட் அடியுங்கள். கரைத்த பெயிண்டை 1 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மறுநாள் இரண்டாம் முறை அடியுங்கள். பின்பு 2, 3 நாள் நீர் தெளியுங்கள்.

தரையிலிருந்து ஏறும் ஓதத்தைப் பெயிண்ட் நிறுத்தாது. அதற்குக் கொத்தனாரிடம் யோசனை கேளுங்கள். வழியை அடைக்காமல் வண்ணம் பூசினால் காசும் கூலியும் வீண்.

சிந்தியுங்கள்: உங்கள் வீட்டுச் சுவரில் ஓதம் எங்கிருந்து வருகிறது? கூரையிலிருந்தா, வெடிப்பிலிருந்தா, தரையிலிருந்தா?