அம்மாவுக்கு எந்தப் போன்?

ஏ.எல். படிக்கப்போகும் பிள்ளை எந்தப் பிரிவில் சேர்வது என்பதை, அந்தப் பிள்ளையைத் தவிர மற்ற எல்லாரும் தீர்மானிக்கும் ஊர் எங்களுடையது. மாமா டொக்டர் என்றால் உயிரியல். பக்கத்து வீட்டுப் பெடியன் மொறட்டுவைக்குப் போனால் கணிதம். பாடசாலையில் இருந்த காலம் முழுக்க இதைப் பார்த்தேன். ஓய்வுபெற்ற பிறகு மன்னார்த் தீவிலும் வங்காலை, அரிப்புப் பக்கத்துக் கரையூர்களிலும் வயதானவர்களுக்குப் போன் பழக்கிக் கொடுக்கிறேன். இங்கே அதே கூத்து தலைகீழாக நடக்கிறது. தாய் தகப்பனுக்கு எது நல்லதென்று பிள்ளைகள் தீர்மானிக்கிறார்கள். கனடாவில் இருக்கும் மகன் ஒன்று சொல்கிறான், பிரான்சில் இருக்கும் மகள் இன்னொன்று சொல்கிறாள். கையில் வைத்திருக்கப்போகும் மனுசியிடம் ஒருவரும் கேட்பதில்லை.

கொம்பியூட்டர் பக்கமே போகாத, இனிப் போகவும் விருப்பமில்லாத ஒருவருக்கு இணையம் வேண்டும். எதை வாங்குவது? லப்டொப் பற்றி எழுதப்போவதில்லை. அதை வாங்கிக் கொடுத்த வீடுகளில் அது துணி போர்த்தியபடி அலுமாரிக்கு மேலே இருக்கிறது.

கதைப்பதற்கு மட்டும் என்றால் பட்டன் போனை அடிக்க வேறொன்றில்லை. கடலுக்குப் போகிறவர் சொப்பின் பையில் சுற்றி மடியில் செருகலாம், ஈரக் கையால் அமத்தலாம், சார்ஜ் நாட்கணக்கில் நிற்கும். ஆனால் அதில் இணையத்தை எதிர்பார்க்க வேண்டாம். காய்ஓஎஸ் என்ற மென்பொருளோடு வந்த சில பட்டன் போன்களில் ஒரு காலம் வட்ஸ்அப் ஓடியது. 2024 நடுப்பகுதியில் அதைப் புதிதாக இறக்குவதை நிறுத்திவிட்டார்கள். 2025இன் தொடக்கத்தோடு ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கும் முடிந்தது. கடையில் இன்னும் பெட்டியில் அந்தப் பச்சைப் படத்தோடு ஒன்று இருந்தால், பெட்டியை நம்பாதீர்கள்.

டப் நல்லதுதான், ஒரே இடத்தில் இருப்பவருக்கு. கட்டிலோடு இருக்கும் அம்மா, வீட்டில் வைஃபை, மேசையில் ஒரு தாங்கி என்றால் பேரப்பிள்ளையின் முகம் பெரிதாகத் தெரியும். நடமாடுகிறவர் அதைக் காவிக்கொண்டு சந்தைக்குப் போகமாட்டார். குரலால் இயங்கும் பெட்டிகளை இங்கே எடுப்பது வீண்காசு. அலெக்சாவுக்கு ஆங்கிலமும் இந்தியும் தெரியும், பேசாலைத் தமிழ் தெரியாது. அதேவேளை கூகுள் 2017இலேயே குரலை எழுத்தாக்கும் வசதியை இலங்கைத் தமிழுக்கும் கொண்டுவந்தது, அது சாதாரண அண்ட்ரொய்ட் போனிலேயே கிடக்கிறது. மைக் அடையாளத்தை அமத்தி, கதைக்கிறமாதிரிக் கதைத்தால் போதும்.

இனி நான் சண்டை பிடிக்கவேண்டிய விசயத்துக்கு வருகிறேன். அது வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பும் பழைய ஐபோன்.

மகன் புதிது வாங்குகிறான், பழையது மிஞ்சுகிறது, ஊருக்கு வருகிறவரிடம் அம்மாவுக்கென்று கொடுத்துவிடுகிறான். அனுப்புகிறவனுக்குச் செலவில்லை. வாங்குகிறவருக்குப் பெருமை. "தம்பி ஐபோன் அனுப்பியிருக்கிறான்" என்று கோயிலடியில் சொல்லலாம். அந்தப் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. சாமான் கெட்டதென்றும் சொல்லவில்லை. ஆளுக்குப் பொருந்தாது என்றுதான் சொல்கிறேன்.

முதலாவது, மொழி. ஐபோனின் பட்டியல்களையும் அமைப்புகளையும் தமிழில் காட்டும் வசதி 2025இல், ஐஓஎஸ் 18.4 பதிப்போடுதான் வந்தது. ஐபோன் 8, ஐபோன் எக்ஸ் எல்லாம் 16ஆம் பதிப்போடு நின்றுவிட்டவை. அவற்றில் தமிழில் எழுதலாம், ஆனால் போன் தன்பாட்டில் ஏதாவது கேட்டால் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான் கேட்கும். பிரான்சில் இருந்து வந்த போனில் பிரெஞ்சில் எழும் ஒரு கேள்விக்கு எருக்கலம்பிட்டியில் ஒரு உம்மா என்ன பதில் அமத்துவார்? அண்ட்ரொய்டில் தமிழ்ப் பட்டியல் வந்து பத்தாண்டுக்கு மேலாகிறது.

இரண்டாவது, வயது. 2025 மே மாதத்தில் வட்ஸ்அப் ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் மூன்றையும் கைவிட்டது. பேரனின் முகம் பார்க்கவென்று வந்த கருவியில் அதற்கான செயலியே ஓடாவிட்டால் வேறெதற்கு அது?

மூன்றாவது, பூட்டு. பழைய உரிமையாளர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறாமல் அனுப்பினால், போனை அழித்துப் புதிதாகத் தொடங்கும் வேளையில் அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நிற்கும். இங்கே எந்தக் கடைக்காரராலும் அதை நேர்வழியில் திறக்க முடியாது. ரொறன்ரோவில் நடுச்சாமமாக இருக்கும்போது இங்கே அம்மா போனோடு கடை வாசலில் இருப்பார். அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14 முதலான மாதிரிகளில் சிம் போடும் துளையே இல்லை என்பதும் கவனிக்க வேண்டியது. ஈசிம் இலங்கையிலும் கிடைக்கிறது. ஆனால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுப் பார்ப்பது ஒன்றே அம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம், அதையும் பறித்துவிடுகிறோம்.

நான்காவதைத்தான் ஒருவரும் நினைப்பதில்லை. தாராபுரத்திலோ பள்ளிமுனையிலோ அக்கம்பக்கம் எல்லாரிடமும் இருப்பது அண்ட்ரொய்ட். போனில் ஏதாவது பிசகினால் அம்மா ஓடுவது பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம். அந்தப் பிள்ளைக்குப் பழகிய போன் எதுவோ அதுதான் அம்மாவுக்கு நல்ல போன். என்னைக் கேட்டால் விலை, கமரா, நிறம் எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த ஒன்றைப் பார்க்கச் சொல்வேன்.

ஆகவே என் தெரிவு: 4ஜி பிடிக்கும் நடுத்தர அண்ட்ரொய்ட், ஆறு அங்குலத்துக்குக் குறையாத திரை, இலங்கையில் வாங்கியது. வெளியிலிருந்து கொண்டுவருவதானால், 2025 தொடக்கத்திலிருந்து தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவாகாத போன்களுக்கு இங்கே வலையமைப்பில் இடமில்லை என்பதை மனதில் வையுங்கள். *#06# அடித்தால் வரும் 15 இலக்க எண்ணை, ஐஎம்இஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்குப் பின் இடைவெளி விட்டு 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் பதிவு உண்டா இல்லையா என்று பதில் வரும்.

வாங்கிய அன்றைக்கே செய்யவேண்டியவை சில உண்டு. மொழியைத் தமிழாக்குங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள். முன்திரையில் இருப்பதை எல்லாம் அகற்றிவிட்டு, ஆட்களின் படத்தை மட்டும் வையுங்கள், மகனின் படத்தைத் தொட்டால் மகனுக்குக் கோல் போகட்டும். கருவாடு காயப்போட்டு, உப்பில் வேலை செய்து தேய்ந்த கைகளில் விரல்ரேகைப் பூட்டு வேலை செய்யாது, அதை விட்டுவிடுங்கள். தலைமன்னார்க் கரையில் இருப்பவர்கள் ரோமிங்கை நிறுத்தி வைக்க வேண்டும். இராமேஸ்வரத் தீவின் முனை முப்பது கிலோமீற்றருக்குள், போன் சிலவேளை அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். பிள்ளை டுபாயில் என்றால் இன்னொன்று. அங்கே வட்ஸ்அப் கோல் எடுபடாது, பொட்டிம் போன்ற அங்கு அனுமதியுள்ள செயலியை இரண்டு பக்கமும் போட வேண்டும். எழுத வராதவருக்குக் குரல் பதிவு அனுப்பப் பழக்குங்கள், மற்றதெல்லாம் பிறகு. யாராவது கோல் எடுத்து, "உங்களுக்கு வந்த ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கோ" என்றால் போனை வைத்துவிடச் சொல்லுங்கள். இதை முதல் பாடமாகவே சொல்லிக்கொடுக்கலாம்.

எல்லாருக்கும் கருவி வேண்டுமென்றும் இல்லை. 1998இல் யுனெஸ்கோவின் உதவியோடு கொத்மலை சமூக வானொலி ஒன்று செய்தது. ஊர்ச்சனம் கேள்வி கேட்கும், அறிவிப்பாளர் இணையத்தில் தேடி வானொலியிலேயே பதில் சொல்வார். புதுச்சேரியின் வீராம்பட்டினத்தில் அதே காலத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து அலை உயரத்தை இறக்கி, ஒலிபெருக்கியில் மீனவருக்கு அறிவித்தார்கள். மீனவர் கையில் ஒரு கருவியும் இல்லை, ஆனால் இணையம் அவர்களுக்கு வேலை செய்தது. சோழகம் பெலக்கப்போகிறதென்று ஒருவர் வளிமண்டலவியல் திணைக்களத்தின் பக்கத்தைப் பார்த்துக் கோயில் லவுட்ஸ்பீக்கரில் சொன்னால், கரையில் ஐம்பது போனுக்கு அது சமம். வானொலியோடு வளர்ந்தவன் என்பதால் எனக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. இருக்கட்டும்.

எந்தக் கருவி என்றாலும் பழக்குகிறவருக்குப் பொறுமை இல்லாவிட்டால் பிரயோசனமில்லை. பிள்ளைகள் போனைப் பறித்து, விறுவிறென்று நாலு இடம் தட்டி, "இப்ப சரி" என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். அம்மா என்னத்தைப் படிப்பார்? உங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள், அவருடைய விரலே தொடட்டும். ஒருநாளைக்கு ஒரு விசயம் போதும். பிழைவிடட்டும். சிலருக்கு விரல் இசையும், சிலருக்குக் காது இசையும், சிலருக்கு இரண்டு மாதம் போனபிறகும் பட்டன் போன்தான் பிடிக்கும். அப்படியானவரிடமிருந்து பட்டன் போனைப் பறிக்காதீர்கள். காற்றின் மணத்திலேயே கச்சானா வாடையா என்று சொல்லும் மனுசரை ஒரு கண்ணாடித்துண்டைத் தடவத் தெரியவில்லை என்பதற்காக மொக்கர் என்று நினைக்கவும் வேண்டாம்.

வெளியில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஐபோனைத்தான் அனுப்பப்போகிறீர்கள் என்றால், அது ஐபோன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் அல்லது அதற்குப் பிந்தியதா என்று பாருங்கள், அதற்கு முந்தியவற்றில் தமிழ்ப் பட்டியல் வராது. ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, போனை முழுதாக அழித்து, அந்த 15 இலக்க எண்ணை ஊரில் ஒருவரிடம் கொடுத்து 1909இல் பார்த்த பிறகே அனுப்புங்கள். அதற்கும் முதல் அம்மாவுக்கு ஒரு கோல் எடுத்து, என்ன போன் வேண்டும் என்று கேளுங்கள்.